மூளையே இல்லாத மதுவத்தில் மூளை நோயைத் தேடுவது எப்படி?

உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அம்மம்மாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். மதுவத்தை, அதாவது ஈஸ்ட்டை, வைத்து அந்த நோயை ஆராய்கிறார்கள் என்று வாசித்தேன். மதுவத்துக்கு மூளை இல்லை, நரம்பில்லை, நடுங்குவதற்குக் கையுமில்லை. பிறகு என்னத்தைப் பார்க்கிறார்கள்? அதோடு, ஈஸ்ட் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது என்று மாமி வைபரில் ஒன்று அனுப்பியிருக்கிறா. அதுவும் இதுவும் ஒன்றா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றில்லை. பாணிலும் அப்பத்திலும் இருக்கிற ஈஸ்ட் அம்மம்மாவுக்கு நோயைக் கொண்டுவரவும் இல்லை, அதை மாற்றப்போவதும் இல்லை. மாமிக்குக் கோபம் வராமல் இதைச் சொல்லுங்கள். அம்மம்மாவின் குளிசையை மட்டும் நேரம் தவறாமல் கொடுங்கள்.

இனி முதல் கேள்வி. நான் ஏழெட்டு வருடம் மதுவத்தோடு மாரடித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பாடப்புத்தகம் சொல்லும் மதுவமும் பேக்கரிக்காரர் சொல்லும் ஈஸ்ட்டும் ஒன்றுதான். சக்கரோமைசிஸ் செரவிசியே என்பது அதன் முழுப்பெயர். நமக்கு இது புது உறவில்லை. பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் காலையில் இறங்குவது கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. சுண்ணாம்பின் காரம் மதுவத்தைப் பெருக விடாது, அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் ஈஸ்ட் பைக்கற்று வருவதற்கு முந்திய காலத்தில் அப்பமாவுக்கு ஒரு மிடறு கள்ளு விட்டுப் புளிக்க வைத்ததும் இதே ஆளை நம்பித்தான். முதன்முதலாக ஒரு மதுவ ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது எனக்கு மூக்கில் அடித்தது இரசாயன வாசனையே இல்லை. விடியற்காலை அப்பமாச் சட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாசனை. இன்று உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் புழங்கும் மதுவ வம்சத்தின் பெரும்பகுதி, 1938இல் கலிபோர்னியாவின் மெர்செட்டில் ஓர் அழுகிய அத்திப்பழத்தில் பிடிபட்ட மதுவத்தின் வாரிசு. அன்று அதைப் பிடித்த மனிதர் மெர்செட்டுக்குப் பதிலாக நம் வடக்கின் கட்டைக்காட்டுப் பக்கம் போயிருந்தால் கள்ளு முட்டிக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்கும்.

சரி, விசயத்துக்கு வருவோம். மதுவத்துக்கு மூளை இல்லை, உண்மை. ஆனால் மூளை நோய் என்று நாம் சொல்பவற்றில் பல, மூளை என்ற உறுப்பில் தொடங்குவதில்லை. ஒரு தனி நரம்புக் கலத்துக்குள் தொடங்குகின்றன. (தமிழ்நாட்டார் செல் என்பதை நாங்கள் கலம் என்போம்.) ஒவ்வொரு கலமும் புரதம் செய்கிறது, செய்த புரதத்தைச் சரியாக மடிக்கிறது, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது, பழுதானதைப் பிய்த்துப் போடுகிறது. இந்த வேலைகளில் எங்கோ ஒன்று பிசகி, மடிப்புக் குலைந்த புரதம் திரண்டு கட்டியாகிறது. பார்க்கின்சனில் ஒரு புரதம், அல்சைமரில் வேறு, பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயில் இன்னொன்று. ஆள் வேறு, கூத்து ஏறக்குறைய ஒன்று.

அந்த வேலைகள் எல்லாம் மதுவத்துக்குள்ளும் நடக்கின்றன. பக்ரீரியா போல அல்லாமல் மதுவத்துக்குக் கரு உண்டு, சக்தி தரும் இழைமணி உண்டு, புரதம் செய்யும் அகமுதலுருச் சிறுவலை உண்டு, அதைப் பிரித்து அனுப்பும் கொல்கி உண்டு. 16 நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள். கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது மதுவத்துக்குத்தான், 1996இல். 2015இல் டெக்சாசில் ஒரு குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. மதுவம் உயிர்வாழக் கட்டாயம் தேவையான 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் அதற்கு ஈடான மனித மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்டப் பாதி வேலை செய்தது! இரண்டு வம்சமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேலாகியும் பாகம் பொருந்துகிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டி, கழன்ற பாகத்துக்கு வேறு வண்டியின் பாகத்தை மாட்டிய ஊருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பார்க்கின்சனையே எடுப்போம், அம்மம்மாவின் நோய் அதுதானே. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இலண்டன் மருத்துவர் இந்த நடுக்கத்தை விவரித்தார். 1912இல் பிரெடரிக் லூவி, இந்த நோயாளிகளின் மூளைக் கலங்களுக்குள் உருண்டையான திரள்களைக் கண்டார். அவை எதனாலானவை என்பது 1997 வரை தெரியாது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு விசயம் வெளிவந்தன: ஓர் இத்தாலியக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சனுக்குக் காரணம் ஆல்பா சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட விகாரம், லூவி கண்ட திரள்களில் நிறைந்திருப்பதும் அதே ஆல்பா சைனுக்ளின். 140 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட சின்னப் புரதம் அது.

மதுவத்திடம் ஆல்பா சைனுக்ளின் கிடையாது. குறை மாதிரித் தெரியும், உண்மையில் அதுதான் வசதி. மனித மரபணுவை எடுத்து மதுவத்துக்குள் விட்டால், அதன் பிறகு நடக்கிற குழப்பம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு புரதத்தைத்தான் பிடித்துக் கேட்க வேண்டும்.

2003இல் அமெரிக்க உயிரியலாளர் சூசன் லின்ட்குவிஸ்ட்டும் அவரிடம் படித்த தியாகோ ஔதெய்ரோவும் இதைத்தான் செய்தார்கள். சைனுக்ளின் மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டி, மதுவத்தின் நிறமூர்த்தத்தில் செருகினார்கள். முன்னால் ஒரு சுவிட்ச்: குளுக்கோசு இருந்தால் மரபணு தூங்கும், கலக்ரோசு என்ற இன்னொரு சீனியைக் கொடுத்தால் விழிக்கும். இதே வகை மதுவத்தை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்த்ததை அப்படியே சொல்கிறேன். சைனுக்ளின் மரபணு ஒரு பிரதி மட்டும் இருக்கிற மதுவத்தை, கலக்ரோசு கொடுத்துச் சில மணித்தியாலம் கழித்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் மெல்லிய பச்சை வளையம். புரதம் ஒழுங்காகப் போய்க் கலமென்சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. அரும்பு விட்ட கலத்தில் பெரிய வளையமும் அதோடு ஒட்டிய சின்ன வளையமுமாக, எண்ணெயில் மிதக்கும் வெங்காய வட்டம் மாதிரி. இரண்டு பிரதி இருக்கிற மதுவத்தைப் பார்த்தால் வளையம் மங்கிப்போய், கலத்துக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். அந்தக் கலங்கள் பெருகுவதை நிறுத்திவிடும்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம். இதை வாசித்தவர்கள் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால், அதே 2003இல் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய செய்தியும் வந்திருந்தது. சாதாரணமாக நம் எல்லோருக்கும் சைனுக்ளின் மரபணு இரண்டு பிரதி. அந்தக் குடும்பத்தில் நோய் வந்தவர்களுக்கு நான்கு. மரபணுவில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, புரதம் நல்ல புரதம்தான், அளவுதான் இருமடங்கு. அதுவே நோய்க்குப் போதுமாக இருந்தது. நல்ல கறியிலும் உப்பை இருமடங்கு போட்டால் வாயில் வைக்க முடியாதுதானே.

சரி, கலம் செத்துப்போகிறது. எதனால்? இங்கேதான் மதுவம் தன் சம்பளத்தை உழைக்கிறது.

மதுவம் 30 பாகை செல்சியசில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பின்னேரம் தட்டில் வைத்தால் நாளை மறுநாள் பதில் கையில். எலியில் ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்க வருடக்கணக்கும் பணப்பெட்டியும் வேண்டும். மதுவத்தில் கட்டாயமில்லாத மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய ஆயிரக்கணக்கான வகைகள் ஏற்கெனவே தயாராக உறைபெட்டியில் இருக்கின்றன. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடலாம்: "எந்த மரபணுவைக் கூட்டினால் இந்த மதுவம் பிழைக்கும்? எந்த மரபணுவை எடுத்தால் இன்னும் சீக்கிரம் சாகும்?" ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் கேட்கலாம்.

கேட்கும் முறை வெகு எளிமை. ஒரு வகை மதுவத்தைத் தண்ணீரில் கலக்கி, அதை ஐந்து மடங்கு ஐந்து மடங்காக நீர்த்து, தட்டில் ஒரு வரிசையில் துளி துளியாக வைப்பார்கள். இடப்பக்கத் துளியில் கலங்கள் நெருக்கமாக, வலப்பக்கம் போகப் போக ஐதாக. ஒரே வரிசைகள் இரண்டு தட்டில்: ஒன்றில் குளுக்கோசு, மற்றதில் கலக்ரோசு. இரண்டு நாள் கழித்துக் குளுக்கோசுத் தட்டில் எல்லா வரிசையும் ஒரே மாதிரிக் கிரீம் நிறத்தில் தடித்திருக்கும். கலக்ரோசுத் தட்டில் சைனுக்ளின் வரிசை முதல் துளியிலேயே வெளிறிப்போய் நின்றுவிடும். அதற்குக் கீழ் ஏதாவது ஒரு வரிசை கடைசித் துளி வரை வளர்ந்திருந்தால், அதில் இருக்கிற கூடுதல் மரபணு மதுவத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இயந்திரம் எதுவும் வேண்டாம், கண் போதும்.

இப்படித் தேடி 2006இல் லின்ட்குவிஸ்ட் குழு பிடித்தது போக்குவரத்துக் கோளாறு ஒன்றை. அகமுதலுருச் சிறுவலையில் செய்த புரதங்கள் சிறு பைகளில் ஏறிக் கொல்கிக்குப் போக வேண்டும். சைனுக்ளின் கூடினால் அந்த வழி அடைபடுகிறது. பைகள் புறப்படுகின்றன, போய்ச் சேருவதில்லை. வழியைத் திறக்கிற மரபணு ஒன்றைக் கூட்டிக் கொடுத்தபோது மதுவம் பிழைத்தது. அதன் பெயர் வை.பி.டி.1, மனிதரில் அதற்கு ஈடானது றாப்1. அத்தோடு விடாமல், றாப்1ஐப் புழுவிலும் பழ ஈயிலும் எலியின் நரம்புக் கலங்களிலும் கூட்டிப் பார்த்தார்கள். டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்கள், அதாவது அம்மம்மாவின் மூளையில் குறைந்துகொண்டு போகிற அதே வகை, அந்த உயிர்களிலும் ஓரளவு காப்பாற்றப்பட்டன. இந்தப் பைப் போக்குவரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நிறைய மதுவம் தந்ததுதான்: றன்டி ஷெக்மன் 1970களின் கடைசியில் மதுவத்தில் தொடங்கிய வேலை, 2013இல் நோபல் பரிசு. பழுதான பகுதிகளைக் கலம் தானே தின்று தீர்ப்பதற்கான மரபணுக்களை யொஷினோரி ஒசுமி கண்டுபிடித்ததும் பட்டினி போட்ட மதுவத்தில். அதற்கு 2016இல் நோபல்.

இந்த இடத்தில் என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்களில் இதை எழுதமாட்டார்கள். ஒரு நாள் காலை தட்டைத் திறந்தால் ஒரு வரிசை கடைசித் துளி வரை கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. சைனுக்ளினை வென்ற மரபணு! மூன்று கிழமை தரையில் கால் படவில்லை. வீட்டுக்கு அழைத்து அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன், அவ அயலட்டைக்குச் சொல்லிவிட்டா. பிறகு அதே மதுவத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பச்சை வளையமும் இல்லை, புள்ளியும் இல்லை. சைனுக்ளினே இல்லை. நான் கொடுத்த மரபணு சைனுக்ளினோடு சண்டை பிடிக்கவில்லை, கலக்ரோசுச் சுவிட்ச்சை அணைத்துவிட்டிருந்தது. நஞ்சே உருவாகாத இடத்தில் பிழைப்பது என்ன பெரிய விசயம்? இந்தத் துறையில் புதிதாக வருகிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற கிணறு இது. அதனால்தான் ஒரு மரபணு "காப்பாற்றியது" என்று வாசித்தால், புரதத்தின் அளவு குறையவில்லை என்று காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மற்ற நோய்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஹன்டிங்டன் நோயில் குளுற்றமின் என்ற அமினோ அமிலம் நீளச் சங்கிலியாகத் திரும்பத் திரும்ப வரும். மதுவத்திலும் சங்கிலி நீண்டால்தான் கட்டி வரும், குட்டையாக இருந்தால் ஒன்றும் இல்லை. 2003இல் இன்னொரு குழு, ஒவ்வொரு மரபணு நீக்கிய 4,850 மதுவ வகைகளில் ஹன்டிங்டன் புரதத்தையும் சைனுக்ளினையும் தனித்தனியே விட்டுப் பார்த்தது. முதலாவதைத் தாங்க முடியாதவை 52, இரண்டாவதைத் தாங்க முடியாதவை 86. இரண்டு பட்டியலிலும் இருந்தது ஒன்றே ஒன்று! கட்டி கட்டும் விதம் ஒத்திருந்தாலும் கலம் தோற்கும் இடம் வேறு வேறு என்பதை இதைவிடப் பளிச்சென்று சொன்ன பரிசோதனை எனக்குத் தெரியாது. அல்சைமரின் முக்கியப் புரதங்களில் ஒன்று கலத்துக்கு வெளியே சேர்வது என்பதால் மதுவத்தில் அதைப் படிக்கக் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும். படித்திருக்கிறார்கள், ஆனால் மதுவத்துக்கு அது கைவந்த நோய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏ.எல்.எஸ். கதையைத்தான் சொல்லாமல் விட முடியாது. இயக்க நரம்புக் கலங்கள் செத்து, தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய். ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு இருந்தது. இதில் திரள்வது டி.டி.பி.–43 என்ற புரதம். ஆரன் கிட்லர் என்ற ஆய்வாளரின் குழு அதை மதுவத்துக்குள் விட்டு, யார் அதற்குத் துணைபோகிறார்கள் என்று தேடியது. ஒரு மதுவ மரபணுவை நீக்கியபோது நஞ்சு தணிந்தது. மனிதரில் அதற்கு ஈடானது அற்றாக்சின்–2. அந்தப் புரதத்திலும் ஒரு குளுற்றமின் சங்கிலி உண்டு. அப்படியானால் நோயாளிகளில் அந்தச் சங்கிலி எப்படி இருக்கிறது? 915 ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். 27 முதல் 33 வரை குளுற்றமின் கொண்ட நடுத்தர நீளச் சங்கிலி நோயாளிகளில் 4.7 வீதம், நோயில்லாதவர்களில் 1.4 வீதம். 2010இல் வெளிவந்தது. மதுவத் தட்டில் எழுந்த ஒரு சந்தேகம் மனிதரின் நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. இது நடக்கும் என்று அதற்கு முன்னர் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

2017இல், அற்றாக்சின்–2 உருவாவதைக் குறைத்தபோது டி.டி.பி.–43 நோயுள்ள எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. பிறகு அதே வழியில் ஒரு மருந்தை மனிதரில் சோதித்தார்கள். 2024இல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அற்றாக்சின்–2 குறைந்தது, நோய் குறையவில்லை. இதையும் நான் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாமியின் வைபர்ச் செய்திக்கும் என் பதிலுக்கும் வித்தியாசம் இருக்காது.

ஏன் இப்படி ஆகிறது? மதுவம் பெருகிக்கொண்டே இருக்கிற உயிர். நரம்புக் கலம் பெரும்பாலும் பெருகாது, எழுபது எண்பது வருடம் ஒரே கலமாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். நரம்புக் கலத்துக்கு ஒரு மீற்றர் நீளம் வரை வால் இருக்கலாம். மதுவம் ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு. நரம்பிணைப்பு இல்லை, சுற்றியிருந்து பராமரிக்கும் துணைக் கலங்கள் இல்லை, மருந்தை மூளைக்குள் விடாமல் மறிக்கும் தடுப்பும் இல்லை. இன்னொரு வில்லங்கம்: மதுவத்திடம் எச்.எஸ்.பி.104 என்றொரு புரதம் உண்டு, திரண்ட கட்டியைப் பிரித்தெடுக்கும் வேலையில் கெட்டிக்காரன். நம்மிடம் அது இல்லை. ஆகவே மதுவம் தப்பும் எல்லா வழியிலும் நாம் தப்ப முடியாது. மதுவம் கைகாட்டுவது சந்தேக நபரை. வழக்கை நடத்த எலி வேண்டும், நோயாளியின் தோல் கலத்திலிருந்து வளர்த்த நரம்புக் கலம் வேண்டும், கடைசியில் மனிதரே வேண்டும். அதற்காக மதுவத்தைக் கழித்துவிட முடியாது. ஆறாயிரம் பேரை விசாரித்து ஐந்து பேராகக் குறைத்துத் தரும் பொலிஸ்காரரை யார் வேண்டாமென்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரு விதத்தில் உலகத்தில் வேறு யாரையும்விட நமக்கு வசதி: மதுவத்துக்குப் பிடித்த 30 பாகை நமக்கு வெளியிலேயே இருக்கிறது. பனங்கள்ளிலிருந்து மதுவத்தைப் பிரித்தெடுத்து மதுசாரம் ஆக்கும் ஆய்வுகள் நம் பல்கலைக்கழகத்தில் நடந்துமிருக்கின்றன. தட்டு, அகார், சீனி எல்லாம் கைக்கெட்டும் விலைதான். கலக்ரோசு கொஞ்சம் கடிக்கும். பெரிய தலையிடி மதுவ வகைகளைக் காலாகாலத்துக்கும் சேமிக்கிற மறை 80 பாகை (–80°C) உறைபெட்டி. அது மின்சாரத்தை நம்பியிருக்கிற சாமான். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் இருந்து மதுவம் அரும்பும் படம் கீறிய தலைமுறை, அதனால் எனக்கு அந்தப் பெட்டியின் சத்தம் நின்றாலே நெஞ்சு திக்கென்னும்.

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடை ஈஸ்ட் அரைத் தேக்கரண்டியை இளஞ்சூட்டுச் சீனித் தண்ணீரில் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். அதில் ஒரு துளி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மெதிலீன் நீலத்தை நன்றாக நீர்த்து ஒரு துளி, மேலே மூடித்துண்டு, 400 மடங்கில் பாருங்கள். உயிருள்ள கலம் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும், அதனால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். செத்தது நீலமாக நிற்கும். இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மிச்சத்தில் ஒரு பங்கைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி ஒரு துளி எடுங்கள். ஏறக்குறைய எல்லாமே நீலம். அரும்பு விட்டபடியே செத்துப்போன ஒன்றிரண்டும் கண்ணில் படும்.